நாற்காலியார் சிரித்த இடம்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கவிஞர்கள். நாற்காலி வாடகைக்கு விடுகிறவரை மற்றவர்கள் நாற்காலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கவிஞர்களுக்கு அது போதவில்லை. பழைய புலவர் பெயர் போலக் கம்பீரமாக இருக்கட்டும் என்று நாற்காலியார் ஆக்கிவிட்டார்கள். அவரும் மறுத்துப் பேசவில்லை. ஓசியில் வருகிற மரியாதையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

செருப்புக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம் உண்டு. புத்தக வெளியீடு, கவியரங்கம், பாராட்டுக் கூட்டம், எது நடந்தாலும் அங்கேதான். கூடம் வேறொருவருடையது. உள்ளே போடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், ஒலிபெருக்கி, மேடை மேசை, அந்த மேசையின் கறையை மறைக்கிற பச்சைத் துணி எல்லாம் நாற்காலியாருடையவை. குறுகலான படிக்கட்டில் நாற்காலிகளை அடுக்காகத் தூக்கித் தூக்கி அவருடைய இடது தோள் சற்று இறங்கியே போய்விட்டது. ஒரு கால் ஆடுகிற நாற்காலி ஒன்றும் இருந்தது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. விமர்சகர்கள் வந்தால் அவர்களுக்குப் போடுவார்.

இந்த மனிதர் நாற்காலியோடு நின்றிருந்தால் இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஒரு நாள் ஒரு கவிஞரின் முதல் புத்தகம் வெளியானது. கூடம் நிறைய நாற்காலி போடச் சொல்லியிருந்தார். வந்தவர்கள் கவிஞரின் மனைவி, மனைவியின் தம்பி, கீழ்க்கடைக் காவலாளி ஆகியோர் மட்டும். காவலாளியும் மின்விசிறிக்காக வந்தவர். கவிஞர் மைக்கைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தார். கண் கலங்கியது. ஓரத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற நாற்காலியாருக்குப் பொறுக்கவில்லை. போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு கவிதை முடிந்ததும், புரிந்ததோ இல்லையோ, தன் காய்த்துப்போன கையால் படார் படாரென்று தட்டினார். கூட்டம் முடிந்ததும் கவிஞர் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அடுத்த புத்தகத்துக்கு வந்தபோது கொஞ்சம் நெளிந்து, குரலைத் தாழ்த்தி, நாற்காலியோடு ஆளும் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்காமல் என்ன? நாற்காலியாரின் மைத்துனர், அதாவது அவர் மனைவியின் தம்பி, ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அந்நியர்களோடு பெட்டிக்குள் நின்று சிரிப்பை அடக்கி அடக்கி, திறந்துவிட்டால் போதும் என்கிற நிலையில் இருந்தார். அவரைச் சிரிப்புக்கு வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பெருங்குரலுக்காகச் சேர்ந்தார். அவர் ‘ஆகா’ என்றால் கீழே செருப்புப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்வார்கள். தெருமுனையில் துணி தேய்க்கும் இஸ்திரியம்மாவுக்குக் கண்ணீர் கேட்டவுடன் வரும். இன்னும் தலையாட்டுவதற்கென்று ஒரு பத்துப் பேர். டீயும் பிஸ்கட்டும் கிடைத்து, விசிறியடியில் உட்காரவும் இடம் என்றால், கரும்பு தின்னக் கூலியா?

ஆனால் கூட்டத்துக்கு எங்கே எதைச் செய்வது என்று தெரியவில்லை. மைத்துனர் இரங்கற்பாவுக்குச் சிரித்துத் தொலைத்தார். ஆகவே நாற்காலியார் சைகை வைத்தார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். காதைத் தொட்டால் கைதட்டல். மூக்கைத் தேய்த்தால் சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றினால் கண்ணீர். ஸ்டூலை விட்டு அவர் எழுந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மேடையில் பேசுகிறவரை யாரும் பார்க்க வேண்டியதில்லை. இவரைப் பார்த்தால் போதும்.

அதற்கப்புறம் தொழில் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு நாவலாசிரியர் வந்து, கைதட்டல் எல்லோருக்கும் கிடைக்கிறது, எனக்கு ரெண்டு பேர் கோபமாக எழுந்து வெளியே போக வேண்டும் என்றார். போனார்கள், மறுபடி பின்வாசல் வழியாக வந்து டீ குடித்தார்கள். இன்னொருவர் தனக்கு ஒன்றும் வேண்டாம், எதிராளியின் கூட்டத்தில் கொட்டாவி மட்டும் விட்டால் போதும் என்று கேட்டார். அதற்கு நாற்காலியார் சம்மதிக்கவில்லை. தொழிலில் ஒரு தர்மம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பசிக்கிறவன் சோறு கேட்பான், சாப்பிட்டதும் அடங்குவான். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கிறவனின் பசி அடங்கியதாக நாற்காலியார் பார்த்ததே இல்லை. எவ்வளவு தட்டினாலும் இறங்கி வரும்போது, மூணாவது வரிசையில் ஒருத்தர் தட்டலையே, ஏன்? என்பார்கள். தாங்களே ஏற்பாடு செய்த கைதட்டல் என்று தெரிந்தும் முகம் மலரும். அதுதான் அவருக்குப் பெரிய அதிசயம். விலை கொடுத்து வாங்கிய கண்ணீரைப் பார்த்து நிஜமாகக் கண்ணீர் விட்ட எழுத்தாளர்கள் உண்டு. நான் அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொள்கிற யாருக்கும் அந்த உரிமை கிடையாது.

நாற்காலியாரின் மனைவி இந்தக் கூட்டங்களுக்கு வந்ததில்லை. வீட்டில் டீ போட்டுப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி அனுப்புவார், அவ்வளவுதான். ஆனால் எழுத்தாளர்கள் ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற புத்தகங்களை நாற்காலியார் வீட்டில் கொண்டுவந்து போடுவார். அவர் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. மனைவி ஒன்றைக்கூட விட்டதில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து படித்து முடித்துவிட்டு, “இதுக்கா அன்னிக்கு எல்லாரும் அப்படி அழுதாங்க?” என்று கேட்பார்.

“அவங்க அழுதது கதைக்கு இல்லம்மா, என் கண்ணாடிக்கு,” என்பார் நாற்காலியார்.

இப்படி நல்லதும் கெட்டதுமாகப் படித்துப் படித்து, நாமே எழுதினால் என்ன என்று ஒரு நாள் அந்த அம்மாள் எழுத ஆரம்பித்தார். முதல் கதையைக் கணவரிடம் கொண்டுபோனார். அம்மாள் தலைப்பைத்தான் படித்திருப்பார், அதற்குள் நாற்காலியார், அருமை, அற்புதம், காலத்தை வென்று நிற்கும் என்று அடுக்கிவிட்டார். பாவம், அது வாயில் தங்கிவிட்ட பழக்கம். மனைவி காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனையோ எழுதினார், இவரிடம் காட்டவில்லை. ஊருக்கெல்லாம் பாராட்டு விற்கிறவர் வீட்டில் ஒரு பெண்மணி பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

அந்தக் கூடத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று மாதா மாதம் கூடும். புதியவர்கள் தங்கள் கதையைப் படிக்கலாம். வட்டத்தின் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு இந்த அம்மாள் ஒரு கதை அனுப்பிவைக்க, அவர் அடுத்த கூட்டத்தில் வந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டார். சேதி தெரிந்ததும் நாற்காலியாருக்குத் தலைகால் புரியவில்லை. மனதுக்குள்ளேயே ஒரு பெரிய ஏற்பாட்டைப் போட்டுப் பார்த்தார். இதுவரை யாருக்கும் செய்யாத ஏற்பாடு, எழுந்து நின்று தட்டுவதே இரண்டு தடவை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க ஆளுங்க ஒருத்தர்கூட எனக்காக எதுவும் பண்ணக் கூடாது. கதை நல்லா இருந்தா சிரிக்கட்டும். இல்லையா, தூங்கட்டும். எது நடந்தாலும் நெஜமா நடக்கட்டும்.”

நாற்காலியார் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஆட்களிடமும் போய், அன்றைக்கு வேலை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அவர்கள் வந்துவிட்டார்கள். சொந்த அக்கா படிக்கும்போது வராமல் இருக்க முடியுமா என்றார் மைத்துனர். இத்தனை வருஷமாகக் குடித்த டீ அந்தம்மா கையால் போட்ட டீயாயிற்றே என்றார் கண்டக்டர். இஸ்திரியம்மா கடையை முன்னதாகவே மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். தலையாட்டுகிறவர்களும் வந்தார்கள். நாற்காலியாருக்கு அவர்களைத் துரத்தவும் மனமில்லை. சும்மா இருங்க, நான் எந்தச் சைகையும் பண்ணப் போறதில்ல என்று மட்டும் எச்சரித்தார். அவர்களும் சரி சரி என்றார்கள். ஆனால் பழக்கம் விடுகிறதா? வந்ததும் வராததுமாக நாற்காலிகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, மேடையைப் பார்க்காமல் இவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

மனைவி படிக்க ஆரம்பித்தார். கதை ஒரு சாவியைப் பற்றியது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பூட்டுச்சாவி. தினமும் காலையில் கணவன் அதைத் தொலைப்பான், மனைவி தேடுவாள். ஒரு நாள் ஷூவுக்குள் இருக்கும், ஒரு நாள் அரிசி டப்பாவில் இருக்கும். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் தக்காளிகளுக்கு நடுவில் குளிர்ந்து கிடக்கும். சாவியைத் துண்டில் சுற்றிச் சூடுபடுத்திக்கொண்டே அவள் அவனைத் திட்டுகிற இடம் ஒன்று. கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியாது.

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. மைத்துனரின் கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கண் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உத்தரவு இல்லாமல் சிரித்து ஒரு தடவை அவமானப்பட்டவர் அவர். அத்தான் மூக்கைத் தேய்க்கிற வரைக்கும் உயிரே போனாலும் சிரிப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படியே. வழக்கமாக வருகிற வெளி ஆட்கள் இவர்களைப் பார்த்துத்தான் எப்போதும் சிரிப்பார்கள். இன்றைக்கு இவர்களே சிரிக்கவில்லை என்றால் இது மிக உயர்ந்த இலக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவர்களும் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள்.

நாற்காலியார் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். மூக்கை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கூடம் அதிரும். தேய்த்தால் சத்தியம் போகும். மேடையில் மனைவியின் குரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடித்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து இவரைப் பார்த்தார். அந்தப் பார்வை காப்பாற்றுங்க என்றதா, அசைஞ்சா தொலைஞ்சீங்க என்றதா, இவருக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உடனே காது அரிக்க ஆரம்பித்தது. சாதாரண அரிப்பா அது! பிறந்ததிலிருந்து அரிக்காத இடமெல்லாம் அன்றைக்குத்தான் அரித்தது. தோளை உயர்த்திக் காதை உரசலாமா என்று யோசித்து, அதுவும் சைகையாகிவிடும் என்று பயந்து, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கதையில் ஒரு காலை. கணவன் எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஆளாளுக்கு அழுகிறார்கள். மனைவி மட்டும் அழாமல் அவன் தலைமாட்டில் போய் நிற்கிறாள். குனிந்து அவன் காதருகே கேட்கிறாள்: “போறதுதான் போறீங்க, சாவி எங்கன்னு சொல்லிட்டுப் போங்க.”

நாற்காலியாருக்கு அது மேடையிலிருந்து வந்ததாகவே தோன்றவில்லை. கல்யாணமான நாள் முதல் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்கிற குரல் அது. அதே இழுப்பு, அதே சலிப்பு. தான் செத்துக் கிடப்பதும் தன் பெண்டாட்டி குனிந்து சாவி கேட்பதும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு சிரிப்பு கிளம்பியது. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் முதலில் காற்று வருமே, அப்படி உறுமிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவர் சிரித்ததே இல்லை. வேலை நேரத்தில் எப்படிச் சிரிப்பது? அதனால் அது என்ன சத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு சைகை கிடையாதே என்று ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவ்வளவுதான். இஸ்திரியம்மா விம்மி வெடித்தார். கண்டக்டர் கைக்குட்டையை எடுத்தார். தலையாட்டுகிறவர்கள் ஆடிக்கொண்டே அழுதார்கள். அதைப் பார்த்து வெளி ஆட்களும் அழுதார்கள். கதையின் கடைசி வரியும், அழ வேண்டிய இடமும் சரியாக அதுதான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நாற்காலியார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். விரல் காதில் பட்டது. கைதட்டல் பொழிந்தது. இனி இங்கே இருந்தால் ஆபத்து என்று ஓடுவதற்காக ஸ்டூலை விட்டு எழுந்தார். கூடமே எழுந்து நின்றது. அதுவரை அடக்கி வைத்திருந்த மைத்துனர், எல்லாம் ஒன்றாக நடக்கிறதே, சிரிப்பும் இதில் அடக்கமாகத்தான் இருக்கும் என்று ஃப்ரிட்ஜ் இடத்துக்கான சிரிப்பை அப்போதுதான் திறந்துவிட்டார்.

இப்படி ஒரு வரவேற்பை இந்தக் கூடம் கண்டதில்லை என்று தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி ஒரு பூங்கொத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வாடிப்போன கீரைக்கட்டு மாதிரி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே நின்றார். எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். கண்ணாடி கழன்றதையும், கை காதுக்குப் போனதையும், ஸ்டூல் காலியானதையும். வீட்டில் கேட்டுக் கேட்டுச் சைகைகள் அவருக்கு மனப்பாடம்.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் இஸ்திரியம்மா மேடைக்கு அருகில் வந்து, அக்கா, அவர் கண்ணாடி கழட்டறதுக்கு முன்னாடியே எனக்கு அழுகை வந்துடுச்சு, கஷ்டப்பட்டு அடக்கிட்டு இருந்தேன் என்றார்.

“இதையும் அவர்தான் சொல்லச் சொன்னாரா?” என்று கேட்டார் அந்த அம்மாள். இஸ்திரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். நாற்காலியார் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். ஆயுசில் ஒரே ஒரு தடவை நிஜமாகச் சிரித்திருக்கிறார், அதை நம்ப ஒரு ஆள் இல்லை. புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதி இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

“நான் வேணும்னு பண்ணல,” என்றார். “சிரிப்பு வந்துடுச்சு. நெஜமா வந்துடுச்சு.”

மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் எதிரில் நின்றார்.

“எந்த இடத்துல?”

நாற்காலியார் தொழில்காரர். எந்த எழுத்தாளர் எந்த இடத்தில் சிரிப்பை எதிர்பார்க்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. ஃப்ரிட்ஜ் என்று சொன்னால் போதும், இந்த முகம் மலர்ந்துவிடும், வீட்டுக்கு நிம்மதியாகப் போகலாம். நுனிநாக்கு வரை அது வந்தது. அவர் அதை விழுங்கினார்.

“அந்த ஆளு செத்துக் கிடக்கறான் இல்ல, அப்ப அவ குனிஞ்சு சாவி எங்கன்னு கேக்கறா பாரு. அங்க.”

“அது சிரிக்கிற இடமா?”

“இல்லையா?”

“அதை எழுதறப்ப நான் அழுதேங்க. எழுத முடியாம நிறுத்தி நிறுத்தி அழுதேன்.”

நாற்காலியார் கையில் ஒரு நாற்காலியோடு அப்படியே நின்றார். யாரை நினைத்து அழுதாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “நீ பேசற மாதிரியே இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “நான் செத்தாலும் நீ அதைத்தானே கேப்பே.”

“வேற என்னத்தைக் கேக்கத் தெரியும் எனக்கு?”

கீழே கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போகவில்லை, ஆனால் அதற்குள்ளிருந்து வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

“கூலிக்குச் சிரிக்கிறவன் அந்த இடத்துல சிரிக்க மாட்டான்,” என்றார். “மூளை இருக்கறவன்கூடச் சிரிக்க மாட்டான்.” பிறகு, பூங்கொத்தை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “மத்த இடமெல்லாம் எப்படி?” என்று கேட்டார்.

அருமை, அற்புதம் என்ற வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. நாற்காலியார் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தன் வாழ்நாளில் எந்த எழுத்தாளருக்கும் சொல்லாத வார்த்தையைத் தேடி எடுத்தார்.

“சுமார்தான்.”

“ஃப்ரிட்ஜ்?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கொஞ்சம் இழுத்துட்டே.”

அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை அவர் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. இடுப்பில் செருகியிருந்த காகிதக் கட்டை எடுத்து உதறினார்.

“எங்க இழுத்தேன்? வரியைக் காட்டுங்க,” என்றார்.

நாற்காலியார் அடுக்கிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் திரும்ப இறக்கிப் போட்டார்.